வேலிக்குத் தெரிந்தவர்

உடுமலைப்பேட்டையில் இருக்கும் எங்கள் உதவிக்கூடத்தில் காலை வேலை கைவைப்பில்தான் தொடங்கும். ஒவ்வொரு மேசையிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடித் தட்டு பதித்திருக்கும். வந்து உட்கார்ந்தவர் முதலில் அதில் கையை வைக்க வேண்டும். தட்டு பச்சையானால் அவருடைய வீட்டு வலைத்தளம் அன்றைய பொழுதுக்குப் பிணையாகிவிட்டது என்று பொருள். அதன் பிறகுதான் அவருக்கு முதல் அழைப்பு வரும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தட்டைத் தொடும்போது விரல் நடுங்கும். கனிஷ்கா அக்கா மட்டும் ஒரு கையில் தேநீரோடு, பக்கத்து மேசைக்காரரிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே மறு கையை வைப்பார்.

என் பெயர் பொழிலன். காலை வேளைக்கு நான்தான் பொறுப்பாளன். மற்றவர்கள் அழைப்பில் பேசுவதை ஒட்டுக்கேட்டு, எங்கே சறுக்குகிறார்கள் என்று சொல்வது என் வேலை. முன்கோபக்காரன் என்று எனக்கு இங்கே பெயர். யாராவது அதை என் முகத்துக்கு நேரே சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

நாங்கள் உதவி செய்வது 'வேலி' என்ற செருகுநிரலுக்கு. ஒரு காலத்தில் பிளக்-இன் என்றால் வலைத்தளத்தோடு ஒட்டிக்கொண்டு, கண்டவர் உள்ளே நுழையாமல் காவல் காக்கும் ஒரு சின்னத் துணைநிரல், அவ்வளவுதான். இப்போது வீட்டுக்கு ஒரு தளம் இருக்கிறது. வாசற்கதவு, குழாய்த் தண்ணீர், பேருந்துப் பயணம், ஓட்டு, மருந்து எல்லாமே அதன் வழியாகத்தான். கடவுச்சொல், முகம், குரல், கைரேகை என்று எதைக் கேட்டாலும் அச்சு அசலாகப் பொய்யாய் ஒன்றைச் செய்துவிடுகிறார்கள் என்று ஆனபிறகு, வேலி ஒன்றை மட்டுமே நம்புகிறது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் 'நடை'. ஒருவர் எதை முதலில் பார்க்கிறார், எங்கே தயங்குகிறார், எதற்குச் சரி என்கிறார், எதை இரண்டு தடவை மாற்றுகிறார் என்று வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்து வேலி ஆளைப் பழகிவைத்திருக்கும். நடை மாறினால் கதவு அடைபடும்.

மனிதர்களுக்கோ நடை மாறிக்கொண்டேதான் இருக்கும். கல்யாணம் ஆன மறுவாரமே பாதிப்பேர் கூப்பிடுவார்கள். குடியை விட்ட ஒருவரை அவர் வீடே உள்ளே விடவில்லை. காலையில் இவ்வளவு நிதானமாக இருப்பவர் தன் எஜமானர் இல்லை என்று வேலி சாதித்துவிட்டது. அவர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் எங்களிடம் பேசினார். அப்படி அடைபட்டதைத் திறக்க எங்களால் மட்டுமே முடியும்.

முன்பு இந்த உதவியையும் எந்திரங்கள்தான் செய்தன. உள்ளே நுழையப் பார்க்கும் பொய்யனும் எந்திரம், அவனை விசாரிப்பதும் எந்திரம் என்று ஆகி, பல ஊர்கள் ஒரே வாரத்தில் கொள்ளை போன பிறகு சட்டம் மாறியது. இழப்பதற்கு ஏதாவது உள்ள ஒருவர் சொன்னால்தான் வேலி திறக்கும். எந்திரத்திடம் இழப்பதற்கு என்ன இருக்கிறது? அதனால் இந்த வேலை மறுபடியும் மனிதர்களிடம் வந்தது. அழைத்தவரிடம் பேசிப் பார்த்து, மனம் ஒப்பினால் பிணைமொழி சொல்ல வேண்டும்: "இவரே அவர். தவறினால் என் வாசல் அடைபடட்டும்." அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. தவறு என்று தெரிந்தால் சொன்னவருடைய வீட்டுத்தளம் ஒரு வருடத்துக்கு மூடிவிடும். பேருந்து ஏற முடியாது, மருந்து வாங்க முடியாது, சொந்த வீட்டுக் கதவைக்கூட வேறு யாராவது வந்துதான் திறந்துவிட வேண்டும்.

அன்று காலை தேநீர் முடிந்த கையோடு தொண்டியிலிருந்து ஓர் அழைப்பு கனிஷ்கா அக்காவுக்கு வந்தது. நானும் காதில் மாட்டிக்கொண்டேன்.

"என் பேரு ஹாசினி. எங்க வீட்டுத் தளத்தத் தொறந்துவிடுங்க தாயி. எங்க வீட்டுக்காரர் மிதவையில இருந்து விழுந்து மண்டையில அடி. ராமநாதபுரத்துல ஆஸ்பத்திரியில கெடக்காக. இங்கதான் வந்து தொறக்கணும்னு சொல்லி என்னைய வீட்டுக்கு அனுப்பிவிட்டாக. நான் தட்டத் தட்ட இது என்னைய யாரோன்னுது."

எனக்கு உடனே சந்தேகம் வந்தது. எங்களை ஏமாற்ற வருகிற பொய்யர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரியிலிருந்துதான் தொடங்குவார்கள். திரையில் விவரத்தைப் பார்த்தேன். கணவர் லோகித், மிதவை வயல் சங்கத்தின் தலைவர். கடல் மேல் மிதவை போட்டு நெல்லும் பாசியும் விளைவிக்கிற கரை அது. அவருடைய உடற்கோப்பு, அதாவது என்ன மருந்து ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது, முன்பு எங்கே கத்தி வைத்தார்கள் என்ற விவரமெல்லாம், வீட்டுத்தளத்துக்குள் இருந்தது. அது வந்து சேராமல் ஆஸ்பத்திரியில் அறுவை செய்யும் எந்திரக்கரம் அசையாது. மதியத்துக்குள் மண்டைக்குள் கட்டிய ரத்தத்தை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். இவ்வளவும் உண்மையாக இருந்தால்.

"ஏனுங் அம்மிணி, காலையில ஏதாச்சும் சாப்புட்டீங்களா?" என்றார் அக்கா.

"மனுசன் சாகக் கெடக்காக, சாப்பிட்டியாங்குறீங்களே, ஒங்களுக்கு அறிவு இருக்கா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார். பொய்யர்கள் இந்தக் கேள்விக்கு நன்றி சொல்வார்கள். திட்டு வாங்கினால் அக்காவுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆனால் மீதிப் பாதி நகரவேயில்லை. அக்கா சொல்லச் சொல்ல ஹாசினி தன் வீட்டுத் திரையைத் தொட்டுப் பார்த்தார். உடற்கோப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. ஒவ்வொரு தொடுதலுக்கும் முன்னால் யோசித்தார். ஆள் எவ்வளவு ஒத்துப்போகிறார் என்று எங்களுக்குக் காட்டுகிற நடைமானி அடியிலேயே கிடந்தது. தளம் என்னவோ ஹாசினி பெயரில்தான் இருந்தது. இருபது வருடத் தளம். அதன் சொந்தக்காரருக்கு அதில் வலது எது இடது எது என்று தெரியவில்லை.

நான் அக்காவின் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "போனை வைங்கக்கா. சுத்தப் பொய்" என்றேன்.

அக்கா என்னைக் கண்டுகொள்ளவில்லை. "அம்மிணி, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இத்தன நாளா இதையத் தட்டறது யாருங்?"

"அவுகதான்" என்றார் ஹாசினி. "எங்க ஊரு முச்சூடும் அப்படித்தான். பொம்பளையாளு பேருலதான் மிதவை குடுப்போம்னு அப்ப சட்டம் போட்டாக. பேரு எங்களது. தட்டுறதெல்லாம் ஆம்பளையாளுக."

இருபது வருடமாக வேலி பழகி வைத்திருக்கும் 'ஹாசினி' லோகித்தான்! நிஜ ஹாசினி இப்போதுதான் முதல் தடவையாகத் தன் தளத்துக்கு வருகிறார். வேலியைக் குறை சொல்ல முடியாது. அது பழகிய ஆள் இவர் இல்லை. 'இவரே அவர்' என்று எப்படிச் சொல்வது? பெயரை வைத்துப் பார்த்தால் இவர்தான், நடையை வைத்துப் பார்த்தால் இவர் இல்லை. வேலி ஒப்புவது நடையை மட்டும்தான்.

"அக்கா, போதும். மேலிடத்துக்கு அனுப்பிடலாம்" என்றேன். மேலிடம் என்றால் மூன்று நாள்.

"சித்த சும்மா இருங்க தம்பி" என்று சத்தமாகவே சொன்னார் அக்கா. கூடத்தில் ஒருவரும் என்னிடம் அப்படிப் பேசமாட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"அவரு தட்டறப்ப நீங்க எங்கீங் இருப்பீங்க?"

"எங்க இருப்பேன், அடுப்படியிலதான்."

"அங்கயிருந்து ஏதாச்சும் சொல்லுவீங்களா?"

"சொல்லாம? அவுக ஒண்ணொண்ணா வாசிப்பாக. நான் வேணும், வேணாம், நாளைக்கிப் பாப்போம்னு சொல்லுவேன். அவுக தட்டுவாக."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குள் ஏதோ பிடிபட்டுவிட்டது என்று அந்த முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். "அப்படீங்களா? செரி. இப்ப அடுப்படிக்குப் போங்க. நான் வாசிக்கறேன், நீங்க சொல்லுங்க. நானே தட்டறேன்."

வேலி தன் ஆளிடம் முன்பு கேட்ட பழைய கேள்விகளை நாங்கள் எடுத்துப் பார்க்கலாம். அவற்றுக்கு என்ன பதில் வந்தது என்பதை மட்டும் எங்களுக்குக் காட்டாது. பதில் பொருந்தினால் நடைமானி ஏறும், பொருந்தாவிட்டால் இறங்கும்.

"தெக்குப் பக்கத்து மிதவையில உப்பு ஏறியிருக்குதாம். கீழ எறக்கட்டுமான்னு கேக்குது" என்று வாசித்தார் அக்கா.

"காத்து எங்கிட்டு அடிக்குது?"

அக்கா அந்தக் கேள்வி வந்த நாளின் காற்றைப் பார்த்துச் சொன்னார். "கிழக்கால இருந்துங்க."

"கொண்டலா? அப்ப எறக்க வேணாம். மழ வந்துரும், தன்னால சரியாகும்."

அக்கா தட்டினார். நடைமானி அசைந்தது.

"வடக்கூர்க்காரங்க மிதவை எரவல் கேக்கறாங்க."

"அவுகளா? போன தடவ வாங்கிட்டுப் போயி ஓட்டயோட குடுத்தவுக. இல்லன்னு சொன்னா மொகம் தூக்குவாக. பழசக் குடுக்கச் சொல்லுங்க." இதற்கும் ஏறியது. "ஆனா நீங்க இப்படி மெல்லமா வாசிச்சா எனக்குக் கேக்கவே மாட்டேங்குது தாயி. அவுக ஊருக்கே கேக்குற மாதிரி கத்துவாக. நான் இங்கிட்டு இருந்து கத்துவேன்."

கனிஷ்கா அக்கா எழுந்து நின்றார். அடிவயிற்றிலிருந்து, "மாப்புள்ளைக்குப் பொறந்தநாளாம்! வாழ்த்து அனுப்போணுமா?" என்று கத்தினார். கூடமே வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தது. தொண்டியிலிருந்து பாத்திரம் உருளும் சத்தத்தோடு பதில் வந்தது. "பின்ன, அனுப்பாமயா? மாப்ளன்னு போட்ராதீக, பேரப் போடுங்க, அதான் அவருக்குப் பிடிக்கும்! எத்தன தடவ சொல்றது!" அதோடு ஹாசினியின் குரல் உடைந்தது. புருஷனிடம் பேசுகிற மாதிரியே பேசிவிட்டார்; புருஷன் அங்கே இல்லை என்பது அடுத்த நொடி உறைத்துவிட்டது. அவர் அழ, அக்கா காத்திருந்தார். பிறகு மறுபடியும் கத்தி வாசித்தார்.

அப்படியே இன்னும் பல கேள்விகள். நடைமானி பாதிவரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் போகாது என்று எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். தீர்மானமெல்லாம் பொருந்தினாலும் கை பொருந்தவில்லை. அந்தக் கை ராமநாதபுரத்தில் நினைவில்லாமல் கிடந்தது.

நான் எழுந்து அக்காவின் மேசைக்கே போனேன். "வேண்டாங்க்கா. நாம சொல்ற பிணைமொழியையெல்லாம் சரிபார்க்குற தணிக்கைப்பொறி சாயங்காலமே பார்த்துடும். ஆம்பளைக் கைன்னு அதுக்கு ஒரு நொடியில தெரிஞ்சுபோகும். உங்க தளம் மூடினா மெல்போர்னுக்கு எப்படிப் போவீங்க?" அடுத்த மாதம் அக்காவின் மகளுக்குப் பிரசவம். தலைப்பிரசவம். தளம் இல்லாதவர்களை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

"தெரியுமுங் தம்பி" என்றார். "பொய் சொல்லறவங்க வேலிக்குப் புடிச்ச மாதிரிதான சொல்லுவாங்க? இந்தம்மா தனக்கே ஆகாததெல்லாம் சொல்லுது. தட்டுனது நானில்லைன்னு சொல்லுது. இதவிட என்னங் வேணும்?"

"அதைப் பொறிகிட்டச் சொல்லுங்க பார்ப்போம்!" என்று நான் கத்தினேன்.

அக்கா தட்டில் கையை வைத்தார். அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், அதில் ஒரு நடுக்கமும் இல்லை. "இவரே அவர். தவறினால் என் வாசல் அடைபடட்டும்."

தொண்டியில் வேலி திறந்தது. உடற்கோப்பு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. மதியம் லோகித்தின் மண்டையைத் திறந்து ரத்தக்கட்டை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை என்று ஹாசினி அழைத்துச் சொன்னபோது கூடத்தில் எல்லோரும் கை தட்டினோம். சாயங்காலம், நான் சொன்ன மாதிரியே, கனிஷ்கா அக்காவின் தட்டு சிவப்பானது.

தணிக்கைப்பொறியின் குறிப்பு சுருக்கமாக இருந்தது. இத்தளத்தை இயக்கிய கை ஓர் ஆணுடையது, பிணைமொழி பிழை. ஆனால் ஒரு வழி விட்டிருந்தது. அந்தக் கைக்கு உரியவரே முன்வந்து, தீர்மானங்கள் யாருடையவை என்று சொன்னால் அதைக் கேட்கும். ஹாசினி சொன்னால் செல்லாது. அவர்தான் பயன் அடைந்தவர். லோகித்தான் வாய் திறக்க வேண்டும். அதற்கு அவர் முதலில் கண் திறக்க வேண்டும்.

அந்த நாட்களில் நாங்கள் முறை வைத்துக்கொண்டு அக்காவின் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டோம். பேருந்து கிடையாது என்பதால் வயல் வழியே நடந்து வேலைக்கு வந்தார். பிணை இல்லாமல் அழைப்பை எடுக்க முடியாது; ஆகவே புதியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுத்தார். நான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "உங்களுக்கு வருத்தமே இல்லீங்களா?" என்று எரிந்து விழுந்தேன். "மகளை நெனச்சாத்தானுங் தம்பி" என்றவர், கொஞ்சம் கழித்து, "போச்சாது உடுங்க, அங்க ஒரு மனுசன் பொழச்சுக் கெடக்கறானல்ல" என்றார். இப்படி ஒருவரோடு ஒரே கூரையின் கீழ் வேலை பார்க்கிறேன் என்று அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. அவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

லோகித்துக்குப் பேச்சு திரும்பியதும் விசாரணை வைத்தார்கள். எங்கள் கூடத்துப் பெரிய திரையில் ராமநாதபுரத்து வார்டு தெரிந்தது. தலையில் கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்தார் லோகித். நல்ல ஆகிருதி, முறுக்கு மீசை. சுற்றிலும் சங்கத்து ஆட்கள். தலைவரைப் பார்க்க வந்தவர்கள், விசாரணை என்றதும் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். ஹாசினி ஓர் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தேன்.

எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த ஆளைப் பற்றி அதற்குள் விசாரித்திருந்தேன். அந்தக் கரையில் லோகித் என்றால் மூளைக்காரர். புயல் வருமுன்னே மிதவைகளை இழுத்துக் கட்டியவர், பாசிக்கு நோய் வருமுன்னே விதையை மாற்றியவர் என்று மாவட்டமே மாலை போட்டிருக்கிறது. 'எல்லாம் நான்தான்' என்று சொன்னால் அவருக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. குடும்பத்துக்குள் ஒருவர் பெயரில் ஒருவர் இயக்குவதைச் சட்டம் மன்னித்துவிடும். வாசல் அடைபடுவது, தான் பார்த்தேயிராத ஒரு பெண்ணுக்கு. 'எல்லாம் அவள்தான்' என்று சொன்னாலோ, மாலை போட்டவர்கள் முன்னாலேயே மாலையைக் கழற்ற வேண்டும்.

பொறி கேட்டது: "தளத்தைத் தொட்டு இயக்கியது நீங்களா?"

"ஆமா."

"தீர்மானங்கள் யாருடையவை?"

லோகித் சங்கத்து ஆட்களைப் பார்த்தார். மீசையைத் தடவினார். என் பக்கத்தில் கனிஷ்கா அக்கா முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். அவருக்கும் பயம் உண்டு என்பதை அப்போதுதான் கண்டேன். ஹாசினி தலை நிமிரவே இல்லை.

"எல்லாம் அவதான்யா" என்றார் லோகித். "அவ சொன்னா, நான் தட்டுனேன். நான் வெறும் வெரலு."

சங்கத்துச் செயலாளர் முன்னால் வந்தார். "அண்ணே, அப்ப அந்தப் புயலுக்கு மிதவைய இழுத்துக் கட்டச் சொன்னது?"

"அவதான்."

"வெதைய மாத்துனது?"

"அதுவும் அவதான்டா. கொழம்பத் தாளிச்சுக்கிட்டே சொன்னா."

"என்னைய செயலாளராப் போட்டது?"

"அது மட்டும் நான். அவ வேணாம்னுதான் சொன்னா."

எங்கள் கூடம் வெடித்துச் சிரித்தது. வார்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. பொறி சிறிது நேரம் எதையோ ஒப்பிட்டுப் பார்த்தது. பிறகு, "வேலிக்குத் தெரிந்தவர் ஹாசினியே. பிணைமொழி செல்லும்" என்றது. கனிஷ்கா அக்காவின் தட்டு பச்சையானது. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அவர் தோளைத் தொட்டேன். அழுகை எனக்கும் வந்தது, அதை மறைக்க நான் மெனக்கெடவில்லை.

விசாரணை முடிந்ததும் இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்பது விதி. நான் துண்டிக்கவில்லை. வார்டிலிருந்து சங்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். அத்தனை பேரும் ஹாசினியைத் திரும்பிப் பார்த்துவிட்டே போனார்கள். அவரவர் வீட்டு அடுப்படியை நினைத்திருப்பார்கள் போலும். கடைசியில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள்.

"இத வீட்டுக்குள்ள ஒரு தடவ சொல்லியிருந்தா என்னவாம்?" என்றார் ஹாசினி. குரலில் கோபம்தான் இருந்தது. "இருவது வருசமா அடுப்படியில நிண்டு கத்திக்கிட்டுக் கெடந்தேனே, ஒரே ஒரு தடவ சொல்லியிருந்தா?"

லோகித் போர்வையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பயம்" என்றார்.

"என்ன பயம்?"

"எல்லாம் நீதான்னு ஒனக்கே தெரிஞ்சுபோச்சுன்னா, தட்டுறதுக்குக்கூட என்னையக் கூப்புட மாட்டியோன்னு."

ஹாசினி கையிலிருந்த சாத்துக்குடிச் சுளையை அவர் வாயில் வைத்தார்.